புழல் நிரம்பியதும் உள்ளான்கள் எங்கே போகின்றன?

மாடிவாசி | அக்டோபர் 19, இரவு 9.12

வணக்கம். மாதவரத்தில் வீடு. போன பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு நண்பன் ஒருவன் இழுத்துக்கொண்டு போனதில் இந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது. ஆவணியில் ஒரு 8×42 பைனாகுலர் வாங்கினேன். வீட்டில் இன்னும் விலை சொல்லவில்லை.

செப்டம்பரில் நான்கு ஞாயிற்றுக்கிழமையும் திருமுல்லைவாயில் பக்கமாகப் புழல் ஏரிக்குப் போனேன். தண்ணீர் நன்றாக உள்வாங்கிக் கிடந்தது. சேறு முழுக்கப் பொடிசும் பெரிசுமாக உள்ளான் பறவைக் கூட்டம். கொசு உள்ளான், பொரி உள்ளான், நெடுங்கால் உள்ளான் இவற்றை அடையாளம் கண்டேன். பெயர் தெரியாதவை இன்னும் ஏழெட்டு வகை இருக்கும்.

இன்று போனால் ஒன்றுமே இல்லை. இரண்டு வார மழையில் தண்ணீர் கரையோரச் செடி வரை ஏறிவிட்டது. நடுவில் நான்கைந்து நீர்க்காகம், ஓரத்தில் ஒரு கொக்கு. அவ்வளவுதான். அக்டோபரில்தான் வலசை சூடு பிடிக்கும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு மட்டும் ஏன் இப்படி? யாராவது வெடி போட்டுத் துரத்திவிட்டார்களா?

கழிமுகம் | அக்டோபர் 19, இரவு 10.05

யாரும் துரத்தவில்லை தம்பி. தண்ணீர்தான் துரத்தியது.

கொசு உள்ளானின் காலை நினைத்துப் பாருங்கள். விரற்கடை ஆழத்துக்கு மேல் போனால் அதற்கு நீச்சல்குளம். பொரி உள்ளான் இன்னும் கொஞ்சம் தாங்கும். நெடுங்கால் உள்ளான் ஒரு சாண் வரை நிற்கும். இவை எல்லாம் உண்பது சேற்றுக்குள் இருக்கும் புழு, பூச்சி, சின்ன நத்தை. ஏரி உள்வாங்கும்போது ஒவ்வொரு நாளும் புதிதாக ஒரு முழம் ஈரச்சேறு வெளியே வரும். நீங்கள் செப்டம்பரில் பார்த்தது அந்த விருந்து. மழை வந்ததும் இலையை மூடிவிட்டார்கள்.

புழலின் முழுக் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஏரி நிறைந்து நின்றால் சென்னைக்குக் கொண்டாட்டம், உள்ளானுக்குப் பட்டினி. அதனால் நான் பறவை பார்க்கப் போகும் முன் குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் ஏரி இருப்பைத்தான் முதலில் பார்ப்பேன். வானிலை அறிக்கை அப்புறம்.

ஒன்று சொல்லவேண்டும். ஏரி அடியோடு வற்றினாலும் கூட்டம் வராது. 2019 ஜூனில் புழல் வறண்டு வெடித்துக் கிடந்தபோது நான் போய் நின்றேன். மாடு மேய்ந்துகொண்டிருந்தது. ஈரம் வேண்டும், அதுவும் மெல்லிய ஈரம்.

இப்போது நீங்கள் போகவேண்டியது எண்ணூர்க் கழிமுகம், ஆறு கடலில் சேரும் இடம்.

டெலிஸ்கோப் தாத்தா | அக்டோபர் 20, காலை 5.31

கழிமுகம் சொன்னது சரி. ஆனால் "அக்டோபரில்தான் வலசை" என்ற பேச்சையும் கொஞ்சம் உடைக்கவேண்டும்.

இலையுதிர்காலம் என்று வெளிநாட்டுக்காரர்கள் சொல்வது நமக்குக் கிடையாது. நம் கணக்கில் ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். உள்ளான் போன்ற கரைப்பறவைகள் அதற்கும் முன்னால் ஆடியிலேயே வர ஆரம்பித்துவிடும். நான் ஜூலைக் கடைசியில் எண்ணூரில் வளைமூக்கு உள்ளானைப் பார்த்திருக்கிறேன். மார்பில் இனப்பெருக்க காலத்துச் செம்மை திட்டுத்திட்டாக மிச்சமிருக்கும். வெளுத்துப்போன காவித் துண்டு மாதிரி. சைபீரியாவின் வட கோடியில் முட்டை அடைகாக்க ஆரம்பித்ததுமே ஆண் கிளம்பிவிடும். அப்புறம் பெட்டை. குஞ்சுகள் கடைசியில், பல வாரம் கழித்து, வழிகாட்ட ஒருவரும் இல்லாமல் தாமாகவே வரும். முதல் முறை பறக்கிற பறவை, போகாத ஊருக்கு, துணையில்லாமல். எனக்கு 71 வயது. இதை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு சிலிர்க்கிறது.

எனவே செப்டம்பரில் நீங்கள் பார்த்த கூட்டத்தில் இந்த வருடத்துக் குஞ்சுகளும் நிறைய இருந்திருக்கும். முதுகில் செதில் செதிலாக வெளிறிய விளிம்பு தெரிந்தால் அது புதுசு.

வாத்துகள்தாம் ஐப்பசி, கார்த்திகைக்குக் காத்திருப்பவை. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, ஆண்டி வாத்து எல்லாம். வந்ததும் எல்லாம் ஒரே பழுப்பு நிறத்தில் இருக்கும். ஆண் வாத்துகளும் பழைய இறகை உதிர்த்துவிட்டுப் பெட்டை வேடத்தில் வரும். மார்கழி வாக்கில்தான் மாப்பிள்ளைக் கோலம். அதுவரை பெயர் தெரியவில்லை என்று வருத்தப்படாதீர்கள். எனக்கும் தெரியாது, தெரிந்தமாதிரி தலையாட்டுவேன்.

பெரம்பூர் பயணி | அக்டோபர் 20, காலை 7.48

மன்னிக்கவும், இடையில் வருகிறேன். அவசரம். எங்கள் அடுக்ககத்தில் வண்டி நிறுத்தும் இடத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருக்கிறது. மைனா அளவு, வால் மொட்டை, முதுகு பச்சை, கண்ணில் கறுப்புப் பட்டை, அடிவயிறு சிவப்பு. பறக்கவில்லை. யாருடைய வளர்ப்புக் கிளியாவது தப்பி வந்துவிட்டதா? தண்ணீர் ஊற்றலாமா? வாட்ச்மேன் அரிசி போட்டார், தொடவில்லை.

கழிமுகம் | அக்டோபர் 20, காலை 7.55

ஊற்றாதீர்கள்! வாய்க்குள் தண்ணீர் விட்டால் நுரையீரலுக்குப் போய்விடும். அரிசியும் வேண்டாம், அது பூச்சி, புழு தின்னும் பறவை.

அது ஆறுமணிக் குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தென்னாட்டுக்கும் இலங்கைக்கும் போகிறது. இரவில் பறக்கும். நகர வெளிச்சத்தில் குழம்பி, கண்ணாடியில் முட்டி, களைத்து விழும். அக்டோபரில் சென்னையில் இது வழக்கம்.

அட்டைப்பெட்டியில் நாலு ஓட்டை போட்டு, அடியில் துணி விரித்து, மெதுவாகப் பறவையை வைத்து மூடுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல் இருக்கட்டும். பூனையை விரட்டுங்கள். காயமில்லை என்றால் சில மணி நேரத்தில் தெளிந்துவிடும், மரம் உள்ள இடத்தில் திறந்துவிடலாம். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குத் தகவல் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். படம் எடுக்கிறேன் என்று பத்து நிமிடத்துக்கொரு முறை திறந்து பார்க்கக்கூடாது.

பெரம்பூர் பயணி | அக்டோபர் 20, மாலை 6.20

தெளிந்துவிட்டது. ஐந்தரைக்குப் பெட்டியைத் திறந்தோம், வேப்பமரத்துக்குள் போய்விட்டது. மூன்று முறைதான் திறந்து பார்த்தேன், திட்டாதீர்கள். வாட்ச்மேன் இப்போது தன்னைப் பறவை மருத்துவர் என்று சொல்லிக்கொள்கிறார்.

நாமக்கோழி | அக்டோபர் 21, இரவு 8.40

நான் திருவொற்றியூரிலிருந்து பொன்னேரிக்குத் தினமும் ரயிலில் போகிற பள்ளி ஆசிரியை. எண்ணூர் நிலையம் தாண்டியதும், அத்திப்பட்டு புதுநகர் வருமுன், வண்டி கொசஸ்தலையாற்றுப் பாலத்தில் ஏறும். அந்தப் பாலம்தான் எனக்குப் பறவைகள் சரணாலயம். ஒரு நிமிடம்கூட இருக்காது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் சின்ன நோட்டு. எட்டு வருடமாக எழுதிக்கொண்டு வருகிறேன். பெட்டியில் எல்லோருக்கும் தெரியும். கீரை கட்டும் அம்மா ஒருவர், "டீச்சர், இன்னிக்கு கால் நீளமா இருக்குதே அது நெறைய" என்று எனக்கு முன்பே சொல்லிவிடுவார்.

இதில் நான் கண்டது என்னவென்றால், பூண்டியில் மதகு திறந்தார்கள் என்று செய்தி வந்த மறுநாளோ அதற்கு மறுநாளோ என் நோட்டு காலி. பூண்டி நீர்த்தேக்கம் இதே கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944-ல் கட்டியது. அங்கே திறக்கும் உபரிநீர் இந்தப் பாலத்துக்கு அடியில்தான் வந்து கடலுக்குப் போகவேண்டும். புழல் உபரிநீரும் வடகரை, வடபெரும்பாக்கம், மணலி, சடையங்குப்பம் என்று சுற்றி இந்தப் பக்கமே வருகிறது. ஏரியில் பறவை பார்ப்பது வேறு, கடலோரத்தில் பார்ப்பது வேறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே தண்ணீர்தான், ஒரே கணக்குதான்.

கழிமுகம் சார் எண்ணூருக்குப் போகச் சொல்கிறார். போங்கள், ஆனால் பெரிய மதகு திறக்கும் முன்னால் போங்கள்.

மாடிவாசி | அக்டோபர் 26, பகல் 12.15

போனேன். வீண். காலை ஐந்தே முக்காலுக்கே எண்ணூரில் இறங்கி, கழிமுகத்துப் பக்கம் நின்றேன். சேறே இல்லை. அலையாத்திச் செடியின் பாதி வரை தண்ணீர். தூரத்தில் ஒரு சாம்பல் நாரை. பறவை பார்க்க விடிகாலைதான் நேரம் என்று சொன்னவர்களை எல்லாம் மனதில் திட்டிக்கொண்டு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

வாடைக்காற்று | அக்டோபர் 26, மாலை 4.02

எண்ணூர் குப்பத்துப் பையன் நான். இவ்வளவு நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

அண்ணா, ஆற்றுக்கு விடியலும் கிடையாது, பொழுதும் கிடையாது. கடல் தண்ணீர் உள்ளே ஏறுகிற ஏற்றம், வெளியே இறங்குகிற வற்றம், இரண்டுதான். நீங்கள் ஏற்றத்தில் வந்து நின்றிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் பறவை எல்லாம் உப்பளத்து வரப்பிலும் மேட்டுத் திட்டிலும் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு தூங்கும். வற்றத்தில் வந்தால் காலடியில் மேயும். வற்றம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப் போகும், அதனால் போன ஞாயிறு நேரம் இந்த ஞாயிறுக்கு ஆகாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித்தான் தண்ணீர் நன்றாக ஏறி நன்றாக வற்றும். அஷ்டமி நாளில் இழுவை சோம்பலாக இருக்கும். ஏற்ற வற்ற நேரம் போட்ட ஓத அட்டவணை போனிலேயே கிடைக்கிறது. ஆனால் அதில் போட்டிருப்பது கடலோர நேரம். ஆற்றுக்குள் போகப்போகத் தாமதமாகும். முகத்துவாரத்தில் மணல் அடைத்திருந்தால் ஓதம் உள்ளேயே வராது, அப்போது அட்டவணை வெறும் காகிதம்.

எங்கள் பெரியப்பா பறவையைப் பார்த்துத்தான் வலை போடுவார். நெடுங்காலி கூட்டமாக நிற்கிற இடம் முழங்கால் தண்ணீர்கூட இல்லை, படகு தட்டும். ஆலா சுற்றிச் சுற்றி விழுகிற இடத்தில் பொடிமீன். கூழைக்கடா வரிசையாக நீந்தினால் மடவை. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களும் உள்ளான் மேய்கிற சேற்றைத்தான் தேடுவார்கள். நீங்கள் பறவை என்று எழுதிக்கொள்வதை நாங்கள் ஆழம் என்று படித்துக்கொள்வோம்.

மாடிவாசி | அக்டோபர் 26, மாலை 4.30

இதை யாராவது எனக்கு முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

கழிமுகம் | அக்டோபர் 26, மாலை 4.41

என் தப்பு. பதினைந்து வருடமாகப் போகிறேன், அட்டவணை பார்ப்பது மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன்.

மாடிவாசி | நவம்பர் 5, இரவு 10.50

நேற்று அரை நாள் விடுப்பு போட்டுவிட்டு வற்றம் பார்த்துப் போனேன். அப்பா! பேச வார்த்தை இல்லை.

ஒரு திட்டில் மட்டும் நெடுங்கால் உள்ளான் நூறுக்கு மேல். பவளக்காலி, பச்சைக்கால் உள்ளான், பொடி உப்புக்கொத்திகள் எண்ண முடியாத அளவு. பழுப்பில் பெரிய ஒன்று, மூக்கு கீழ்நோக்கி அரிவாள் மாதிரி வளைந்து கிடந்தது. நண்டைத் தூக்கி உதறிக் காலை ஒடித்துப்போட்டு விழுங்கியது. அது கோட்டான்தானே? அப்புறம் நீள நேர்மூக்கு உள்ள பன்னிரண்டு பறவை. இவை பட்டைவால் மூக்கன் என்று முடிவு செய்து ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் போட்டுவிட்டேன். அலாஸ்காவிலிருந்து எங்கும் இறங்காமல் பறக்கிற பறவையை எண்ணூரில் பார்த்தேன் என்று அலுவலகம் முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

டெலிஸ்கோப் தாத்தா | நவம்பர் 6, காலை 5.20

அலுவலகத்தில் மறுபடி சொல்லவேண்டியிருக்கும் போலிருக்கிறதே.

முதலாவது கோட்டான்தான், சந்தேகமில்லை. குதிரைமலைக் கோட்டான். நண்டைக் கால் ஒடித்துத் தின்றதைப் பார்த்தீர்களே, அது போதும்.

மூக்கன் விஷயத்துக்கு வருவோம். நீங்கள் போட்ட படத்தில் கடைசிப் பறவை இறக்கை விரித்திருக்கிறது. இறக்கையில் பளிச்சென்று வெள்ளைப் பட்டை, வால் நுனி கறுப்பு. அது கருவால் மூக்கன். பட்டைவாலுக்கு இறக்கையில் அந்த வெள்ளைப் பட்டை கிடையாது, வாலில் மெல்லிய குறுக்குக் கோடுகள் இருக்கும். நிற்கும்போது பார்த்தால் கருவாலனுக்கு முழங்காலுக்கு மேலும் கால் நிறைய இருக்கும், மூக்கு நேராக இருக்கும். பட்டைவாலன் கொஞ்சம் குட்டை, மூக்கு லேசாக மேல்நோக்கும். கருவாலன் ஏரி, வயல், கழிமுகம் எல்லாவற்றுக்கும் வரும். பட்டைவாலன் கடலை விட்டு அதிகம் நகராது.

நீங்கள் சொல்லும் அந்தச் சாதனை உண்மை. 2022-ல் ஒரு பட்டைவால் மூக்கன் குஞ்சு, உடலில் செயற்கைக்கோள் கருவியோடு, அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் 11 நாளில் இறங்காமல் பறந்தது. ஆனால் அது பசிபிக் கடல் வழி. நம் பக்கம் வருபவை மத்திய ஆசியப் பறவைப் பாதையில் வருபவை. முப்பது நாடுகள் மேல் பறந்து வருகிற வழி.

சைபீரியா, அலாஸ்கா என்று சொன்னால்தான் மதிப்பு என்று நினைக்காதீர்கள். உங்கள் பொடி உப்புக்கொத்தியை முன்பு ஒரே இனம் என்றுதான் வைத்திருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன் இரண்டாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று திபெத் பீடபூமி, லடாக் பக்கம் குஞ்சு பொரிப்பது. கைப்பிடி அளவுப் பறவை இமயமலையைத் தாண்டி வந்து எண்ணூர்ச் சேற்றில் நிற்கிறது. பெருமைக்கு அது போதாதா?

பெரம்பூர் பயணி | நவம்பர் 6, காலை 9.10

எங்கள் குடும்பக் குழுவில் இன்று வந்த செய்தி: "ஆஸ்திரேலியாவில் இருந்து எண்ணூருக்கு வந்துள்ள அரிய கூழைக்கடா பறவைகள்." உண்மையா?

நாமக்கோழி | நவம்பர் 6, இரவு 8.05

வருடா வருடம் இது வந்துவிடும், தீபாவளிப் பட்டாசு மாதிரி. நம் கூழைக்கடா நம் ஊர்ப் பறவை. பழவேற்காடு ஏரியின் வடக்கே ஆந்திரத்தில் நேலப்பட்டு சரணாலயத்தில் கூடு கட்டுகிறது. அங்கிருந்து எண்ணூருக்கும் மணலிக்கும் வந்து மேய்வது அதற்கு மாதவரத்துக்காரர் பாரிமுனைக்குப் போகிற மாதிரி. மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை எல்லாமும் அப்படித்தான். உள்நாட்டுக்குள்ளேயே தண்ணீரைத் தேடி அலைகிறவை. பூநாரையும் நம் நாட்டில் குஜராத்தின் கச்சுப் பகுதியில் கூட்டமாகக் கூடு கட்டுகிறது.

பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் முகம் வாடிவிடுகிறது. வெளிநாடு என்றால்தான் அவர்களுக்கு ருசி. அப்போது கொசு உள்ளானைக் காட்டுவேன். அரைக்கைப்பிடி கூட இல்லாத அது வட துருவத்தை ஒட்டிய நிலத்திலிருந்து வருகிறது. யாரும் அதை முன்னனுப்புவதில்லை.

வாடைக்காற்று | நவம்பர் 6, இரவு 11.30

கூழைக்கடா என்றதும் ஞாபகம் வருகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் இறங்கியபோது வெள்ளைக் கூழைக்கடா கறுப்பாக நின்றது. இறக்கையை விரித்து விரித்து உதறும், ஒட்டிக்கொண்டு பிரியாது. நாங்கள் அப்போது படகைத் தேய்த்துக் கழுவுகிற கவலையில் இருந்தோம். பறவையைப் பிடித்துக் கழுவ வந்தவர்களைப் பார்த்து எங்கள் தெருவில் கோபப்பட்டவர்கள் உண்டு. எங்களை யார் கழுவுவது என்று. அந்தக் கோபம் தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்த வருடம் எங்களுக்கு இறால் இல்லை, அவற்றுக்கும் சேற்றில் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் ஒரே சட்டியில் சாப்பிடுகிறவர்கள்.

அனல்மின் நிலையச் சாம்பல் கதையும் எழுதலாம். குழாய் உடைந்து சாம்பல் கரைசல் ஆற்றில் படிந்த இடத்தில் சேறு சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல சேற்றுத் திட்டு போலவே இருக்கும். வெளியூர்க்காரர்கள் அங்கே ஸ்டாண்டு போட்டு நிற்பதைப் பார்த்திருக்கிறேன். பறவைக்குத் தெரியும், அங்கே இறங்காது.

கழிமுகம் | நவம்பர் 7, காலை 6.30

அந்த ஸ்டாண்டு போட்டவர்களில் நானும் ஒருவன். ஒரு மணி நேரம் நின்றேன்.

மாடிவாசி | நவம்பர் 9, இரவு 9.00

திருத்தி எழுதிவிட்டேன், கருவால் மூக்கன் 12. அலுவலகத்தில் யாருக்கும் ஞாபகமே இல்லை, நிம்மதி. அடுத்து ஒரு கேள்வி. நான் பார்த்த திட்டின் சரியான இடத்தை வரைபடத்தோடு இங்கே போடலாமா? நாலு பேர் வந்து பார்க்கட்டுமே.

மட்டுறுத்துநர் | நவம்பர் 9, இரவு 9.20

ஏரி, கழிமுகம் என்ற அளவில் எழுதுங்கள். கூட்டம் இரவு தங்குகிற இடம், கூடு இருக்கிற இடம் இவற்றின் வரைபடக் குறியீடு வேண்டாம். முன்பு போட்டதற்கு நாம் வருந்தியிருக்கிறோம்.

டெலிஸ்கோப் தாத்தா | நவம்பர் 10, காலை 5.45

ஏன் என்று புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளான் கறிக்கு ஒரு காலத்தில் மதிப்பு. என் சின்ன வயதில் சந்தையில் கொத்துக் கொத்தாகக் காலைக் கட்டித் தொங்கவிட்டு விற்றார்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் வலை விரிப்பது நிற்கவில்லை. ஐந்து வருடம் முன்பு ஒரு சாலையோரக் கடையில் "காடை" என்று வைத்திருந்ததன் காலைப் பார்த்தேன். காடைக்கு அவ்வளவு நீளக் கால் கிடையாது.

இன்னொன்று படம் எடுப்பவர்கள். பழவேற்காட்டில் பூநாரைக் கூட்டத்துக்குள் படகை ஓட்டிப் பறக்கவிட்டுப் படம் எடுப்பது ஒரு வியாதி. ஆயிரம் மைல் பறந்து வந்து கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கிற பறவை, ஒருத்தர் பதிவுக்காக எழுந்து பறக்கவேண்டுமா? பறவையை விடுங்கள், மனிதருக்கே ஆபத்து. 2011 டிசம்பர் 25-ல் அந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். கரையில் நின்று பாருங்கள், போதும். பூநாரைக்கு இப்போதே போகவும் வேண்டாம். மழைத் தண்ணீர் நிற்கிறவரை ஏரி அவற்றுக்கு ஆழம். தைக்கு மேல் அண்ணாமலைச்சேரி பக்கம் போய்ப் பாருங்கள்.

மாடிவாசி | டிசம்பர் 3, இரவு 7.35

மூன்று நாளாக மழை. ஆற்றில் வெள்ளம், எண்ணூர் போக வழியில்லை. புழல் ஏறக்குறைய நிரம்பிவிட்டது. இனி தை வரை பைனாகுலரை உறையில் போட்டுவிடவேண்டியதுதானா?

டெலிஸ்கோப் தாத்தா | டிசம்பர் 4, காலை 6.00

இங்கேதான் கழிமுகத்தோடு எனக்குப் பத்து வருடச் சண்டை. அவர் சேற்றுக்காரர். நிறைந்த ஏரி வீண் என்பார். நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

நிறைந்த ஏரிக்கு நீங்கள் ஓரத்தைப் பார்க்கப் போனால் ஒன்றும் தெரியாது. நடுவைப் பாருங்கள். வாத்துகள் இரவெல்லாம் சுற்றுவட்டார வயலிலும் குட்டையிலும் மேய்ந்துவிட்டுப் பகலில் பெரிய ஏரியின் நடுவில் வந்து தூங்கும். ஆழம் அதற்குப் பாதுகாப்பு. நாயும் மனிதனும் வரமுடியாது. வெறும் கண்ணுக்குத் தூசிக் கோடு மாதிரி தெரியும், உங்கள் 8×42-க்குப் புள்ளிகள், என் ஸ்கோப்புக்கு ஊசிவால் வாத்து. மேலே மீசை ஆலா தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறக்கும். விரால் அடிப்பான் ஒன்று வந்தால் அன்றைய பொழுது வீணில்லை. மேலிருந்து காலை நீட்டிக்கொண்டு விழுந்து, மீனோடு எழுந்து, நாய் மாதிரி உடம்பை உதறும்.

புழல் குடிநீர் ஏரி, கரைமேல் ஏறக் கட்டுப்பாடு உண்டு. காவலர் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள். வாக்குவாதம் வேண்டாம். சாலையோரத்திலிருந்தே பாதி தெரியும்.

கழிமுகம் | டிசம்பர் 4, காலை 8.15

வாத்து பார்ப்பது தூங்குகிற ஆளைப் பார்க்கிற மாதிரி. நான் மாறமாட்டேன்.

நாமக்கோழி | டிசம்பர் 4, இரவு 8.30

ஆண்கள் இருவரும் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். இந்த மழையில் வாத்து தூங்குகிறதா மேய்கிறதா என்று எங்கள் தெருவில் தேங்கிய தண்ணீரிலேயே பார்க்கலாம் போலிருக்கிறது. நேற்று ஒரு முக்குளிப்பான் வந்து முங்கியது. பொய்யில்லை.

மாடிவாசி | ஜனவரி 11, இரவு 9.55

இழை நடுவில் தூங்கிவிட்டது, எழுப்புகிறேன். தாத்தா சொன்னபடி டிசம்பரில் இரண்டு தடவை புழலுக்குப் போனேன். விரால் அடிப்பான் கிடைக்கவில்லை. வாத்துகள் கிடைத்தன. ஆண் ஊசிவாலின் கழுத்து வெள்ளையை அடையாளம் கண்டேன். தூங்கிக்கொண்டுதான் இருந்தன, கழிமுகம் சொன்னதும் சரி.

இப்போது தினமும் காலையில் ஏரி இருப்பைப் பார்க்கிறேன். அம்மா, "மகனுக்கு ஊர்த் தண்ணீர்க் கவலை" என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்கிறார். நீர்மட்டம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. போன ஞாயிறு திருமுல்லைவாயில் பக்கம் ஒரு பாய் அகலத்துக்கு ஈரச்சேறு வெளியே வந்திருந்தது. அதில் ஒரே ஒரு பொரி உள்ளான் வாலை ஆட்டிக்கொண்டு நடந்தது. அரை மணி நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

எண்ணூர் நிலவரம் என்ன? வெள்ளம் வடிந்த பிறகு யாராவது போனீர்களா?

வாடைக்காற்று | ஜனவரி 11, இரவு 10.20

முகத்துவாரம் நன்றாகத் திறந்திருக்கிறது, ஓதம் உள்ளே வருகிறது. வெள்ளம் புதுமண்ணைக் கொண்டுவந்து ஒரு புதுத் திட்டு போட்டிருக்கிறது. பெரியப்பா படகு தட்டுகிறது என்று புலம்புகிறார். அப்படியானால் நீங்கள் வரலாம், அண்ணா. வற்றம் பார்த்து வாருங்கள்.

நாமக்கோழி | ஜனவரி 12, இரவு 8.15

இன்று காலைப் பாலக் கணக்கு: நெடுங்கால் உள்ளான் 60 வரை, கருவால் மூக்கன் 11, பச்சைக்கால் உள்ளான் 4, கோட்டான் 1, கூழைக்கடா 7. எல்லாம் மேற்குப் பக்கம் மட்டும். கிழக்குப் பக்கம் எண்ணவில்லை. சன்னலோரம் கீரைக்காரம்மா தூங்கி என் தோளில் சாய்ந்துவிட்டார், எழுப்ப மனமில்லை.